தம்பிக்கு போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது: அந்தேரி கேஸுக்கு எந்த கிரிமினல் வக்கீலைப் பிடிப்பது?

சயான்கோலிவாடா_அக்கா | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருடமாக இங்கே ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன் என்றுதான் கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் கேட்பது வேறு விஷயம்.

என் தம்பி இங்கே மும்பையில், அந்தேரி கிழக்கில் ஒரு கார்கோ கம்பெனியில் ஆறு வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தான். சில மாதம் முன்பு வேலையை விட்டான். இப்போது முதலாளி, கணக்கில் 11 லட்சம் இடிக்கிறது, இவன்தான் எடுத்தான் என்று புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. நேற்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் மராத்தியில் ஒரு நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டுமாம். பி.என்.எஸ்., அதாவது புது தண்டனைச் சட்டத்தில் 316(4), 318(4), நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்று இரண்டு பிரிவு போட்டிருக்கிறது.

ஆளாளுக்கு ஒரு வக்கீலைச் சொல்கிறார்கள். விசாரிக்கப் போன என் கணவரிடம் ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிளே கார்டு கொடுத்து, "இவரைப் பிடியுங்கள், சீக்கிரம் முடியும்" என்றாராம். அந்த வக்கீலுக்குப் போன் செய்தால், ஜாமீனுக்கு கேரண்டி, மொத்தமாக 2 லட்சம் என்கிறார். இரண்டாவது ஆள் தென் மும்பை ஃபோர்ட்டில் இருக்கும் பெரிய வக்கீல், டிவியில் எல்லாம் வருவார். ஒரு தடவை உட்கார்ந்து பேசவே 50,000. மூன்றாவது எங்கள் ஒன்றுவிட்ட மாமா. சொசைட்டி, பத்திரம், வாரிசு கேஸ்கள் பார்ப்பவர். "கிரிமினலும் பார்ப்பேன், என்னை விட்டு வெளியே போவீர்களா?" என்று உரிமையாகக் கேட்கிறார்.

அம்மா வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். யாரைப் பிடிப்பது?

நெல்லை2மும்பை | செவ்வாய், இரவு 9:58

வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ் செல்லாது அக்கா! சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாகிவிட்டது. போகவே வேண்டாம். வக்கீல் செலவும் மிச்சம்.

டோம்பிவிலிக்காரன் | செவ்வாய், இரவு 10:05

மேலே சொன்னவர் பேச்சைக் கேட்டுத் தூங்கிவிடாதீர்கள். முதலில் எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கிறதா? மகாராஷ்டிர போலீஸ் தளத்தில் ஸ்டேஷன் பெயரும் எண்ணும் கொடுத்தால் இறக்கிக்கொள்ளலாம். பாலியல் குற்றம் போன்றவற்றைத்தான் ஏற்ற மாட்டார்கள், இது அந்த வகை இல்லை. அது இல்லாமல் எந்த வக்கீல் வாசலுக்குப் போனாலும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றுதான் பேச்சு ஓடும்.

கோர்ட்_குமாஸ்தா | செவ்வாய், இரவு 11:20

நான் இந்த ஊரில் ஒரு வக்கீல் ஆபீஸில் 19 வருடமாகக் குமாஸ்தா. வக்கீல் இல்லை, அதனால் சட்ட ஆலோசனை சொல்லவில்லை. வக்கீல்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற அளவில் சொல்கிறேன்.

நெல்லைத் தம்பி சொன்ன தீர்ப்பு உண்மைதான். 2025 ஜனவரியில் வந்தது. பி.என்.எஸ்.எஸ்., அதாவது புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் தரும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் ஐ.ஓ., அதாவது விசாரணை அதிகாரி, "ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதுவார். பிறகு அந்த வரியை அழிக்கத்தான் வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். நோட்டீஸுக்கு ஒழுங்காகப் போய் வந்தால், காரணம் எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது என்று அதே 35-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் தம்பி மேல் உள்ள இரண்டு பிரிவுக்கும் உச்ச தண்டனை ஏழு வருடம். ஏழு வருடம் வரை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யாதே என்றுதான் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னார்கள். ஆகவே பதறி வளையலை விற்க வேண்டாம். நாளை ஒரு வக்கீலைப் பாருங்கள், வெள்ளிக்கிழமை போங்கள்.

இப்போது அந்த மூன்று பேர்.

ஸ்டேஷனில் கார்டு கொடுத்தவரை விட்டுவிடுங்கள். போலீஸ் ஆள் பிடித்துக் கொடுக்கும் வக்கீலுக்கு அடுத்த கேஸும் அதே ஸ்டேஷனில் இருந்துதான் வர வேண்டும். உங்கள் தம்பிக்காக ஐ.ஓ.வைக் கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேட்க அவருக்கு மனம் வருமா? அதோடு கேரண்டி என்கிறார். ஜாமீன் கொடுப்பது நீதிபதி, அதற்கு வக்கீல் எப்படி கேரண்டி கொடுப்பார்? ஜெயித்தால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி தப்பு. தரகர் வைத்து ஆள் பிடிப்பதும் தப்பு.

ஃபோர்ட் வக்கீலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தேரி ஸ்டேஷன் கேஸ் மாஜிஸ்திரேட்டிடம் அந்தேரியில் நடக்கும். மேலே செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனால் கோரேகாவ் பக்கம் திண்டோஷி. காலையில் ஹைகோர்ட்டில் ஒரு மேட்டரை வைத்துக்கொண்டு திண்டோஷிக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவார்? நான் பார்த்த வாய்தாக்களில் பாதி, வக்கீல் ரயிலில் இருந்ததால் விழுந்தவை.

அதனால் பெயரைப் பார்க்காமல் அந்த கோர்ட்டில் தினமும் நிற்கும் ஆளைப் பாருங்கள். எப்படித் தெரிந்துகொள்வது? இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம். எந்தெந்த கோர்ட்டில் என்னென்ன கேஸ் என்று வரிசையாக வரும். ஜெயித்ததை எண்ணாதீர்கள், அது பிரயோஜனப்படாது. உள்ளே இருக்கும் உத்தரவுகளைத் திறந்து, யார் ஆஜரானார் என்ற வரியைப் பாருங்கள். அவர் பெயரே இருக்கிறதா, "இன்னாருக்காக இன்னார், அவகாசம் கேட்டார்" என்று இருக்கிறதா? பத்து உத்தரவு பார்த்தால் போதும், ஆளின் நாணயம் தெரிந்துவிடும்.

மாட்டுங்கா_மாமி | புதன், காலை 6:15

குமாஸ்தா சொன்னதைப் படித்து எனக்கு வயிறு எரிந்தது. இதை யாராவது எனக்கு நாலு வருடம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?

என் மகன் பைக் மோதி ஒருவருக்குக் கால் முறிந்து கேஸ் ஆனது. நாங்கள் பெரிய பெயர் வேண்டும் என்று போனோம். பெயர் சொல்ல மாட்டேன். ஏசி அறை, சுவர் முழுக்கத் தோல் அட்டைப் புத்தகம், காபி எல்லாம் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டார்கள். முதல் தேதிக்கு வந்தது ஒரு பையன். கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து "மாமி, இது எந்த கேஸ்?" என்றான். எந்த கேஸாம்! இரண்டாவது தேதிக்கு வேறு பையன்.

பிறகுதான் தெரிந்தது, கோர்ட் பட்டம் கொடுத்த சீனியர் அட்வகேட் என்றால் அவர் நேராக வக்காலத்து, அதாவது நமக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரம், போடவே முடியாது, இன்னொரு வக்கீல் மூலமாகத்தான் வந்து வாதாடுவார். இரண்டு பேருக்கும் தனித்தனி ஃபீஸ். அதைத் தப்பு என்று சொல்லவில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?

அதனால் பெண்ணே, நீ யாரிடம் போனாலும், "வக்காலத்தில் யார் கையெழுத்து, கோர்ட்டில் நிற்கப்போவது யார்" என்று முகத்துக்கு நேராகக் கேள். கோபம் வந்தால் வரட்டும். பணத்தை எந்தெந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள். முன்ஜாமீனுக்கு இவ்வளவு, குற்றப்பத்திரிகை வந்த பிறகு இவ்வளவு, தேதிக்கு இவ்வளவு, டைப்பிங், நகல் இதற்குள்ளா வெளியா, எல்லாமே.

செம்பூர்_பையன் | புதன், காலை 8:30

எல்லா வக்கீலும் ஒன்றுதான். ஏஐ-யிடம் கேட்டால் முன்ஜாமீன் மனுவையே இரண்டு நிமிடத்தில் எழுதித் தருகிறது, தீர்ப்பு எண்களோடு.

கோர்ட்_குமாஸ்தா | புதன், காலை 8:41

அந்தத் தீர்ப்புகளில் எத்தனை நிஜமாகவே இருக்கின்றன என்று ஒருமுறை தேடிப் பாருங்கள் தம்பி. அப்புறம் பேசலாம்.

தாராவி90அடி | புதன், காலை 10:10

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மொழி.

2017-இல் எங்கள் தெருவில் கிரிக்கெட் சண்டை, ஒருவனுக்கு மண்டை உடைந்தது, என் அண்ணன் உள்ளே போனான். நம் ஊர்க்காரர், நம் சாதிசனம் என்று ஒரு தமிழ் வக்கீலை வைத்தோம். தங்கமான மனுஷன். ராத்திரி 12 மணிக்கும் போன் எடுப்பார், அம்மாவிடம் அரை மணி நேரம் தமிழில் பேசித் தேற்றுவார். ஆனால் எஃப்.ஐ.ஆர்., பஞ்சநாமா (சாட்சிகள் முன்னால் எழுதும் பறிமுதல் குறிப்பு), சாட்சி வாக்குமூலம் எல்லாம் கிறுக்கல் கிறுக்கலாக மராத்திக் கையெழுத்து. அவருக்குப் பேச வரும், சரளமாகப் படிக்க வராது. ஜூனியர் படித்துச் சொன்ன சுருக்கத்தை வைத்து ஓட்டினார். ஸ்டம்ப் எங்கிருந்து கைப்பற்றினார்கள் என்று பஞ்சநாமாவில் ஒரு இடம், வாக்குமூலத்தில் வேறு இடம். அந்த ஓட்டை எங்களுக்கு ஒரு வருடம் கழித்து, வேறு வக்கீல் வந்த பிறகுதான் தெரிந்தது.

அதற்காக மராத்தி தெரிந்தவரையே பிடி என்றும் சொல்ல மாட்டேன். என் அண்ணனுக்கு இந்தி அரைகுறை. நடந்ததை நடந்தபடி சொல்லத் தமிழ்தான் வரும். "தள்ளினேன்" என்பதற்கும் "அடித்தேன்" என்பதற்கும் இந்தியில் அவன் ஒரே வார்த்தையைப் போட்டுத் தொலைத்தான். காகிதத்தைப் படிக்க மராத்தி, கட்சிக்காரனைக் கேட்கத் தமிழ், இரண்டும் அந்த ஆபீஸில் யாரிடமாவது இருக்க வேண்டும்.

இன்னொன்று. 2025 நவம்பரில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட், கைதுக்கான காரணத்தை எழுத்தில், அந்த ஆளுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த மாதிரிக் கையில் எதுவும் வராமல் தம்பியை உள்ளே வைத்தால், அதை ரிமாண்ட் அன்றைக்கே, அதாவது காவலில் வைக்க அனுமதி கேட்டு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும் அன்றைக்கே, எழுந்து சொல்லும் வக்கீல் வேண்டும். அதற்கு அவர், கைதான 24 மணி நேரத்துக்குள் அந்தேரி கோர்ட்டில் இருக்க வேண்டும். குமாஸ்தா அண்ணன் பேச்சுக்கே திரும்ப வருகிறேன்.

சயான்கோலிவாடா_அக்கா | புதன், மதியம் 1:05

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. எஃப்.ஐ.ஆர். இறக்கிவிட்டேன். ஏழு பக்கம், எனக்குப் பெயர் மட்டும்தான் புரிகிறது.

இரண்டு கேள்வி. 11 லட்சத்தையும் எங்காவது புரட்டி முதலாளிக்குக் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா என்று அம்மா கேட்கிறார். இன்னொன்று, வக்கீல் முன்னால் உட்கார்ந்ததும் நான் என்ன பார்க்க வேண்டும்? நல்லவரா இல்லையா என்று அரை மணி நேரத்தில் எப்படித் தெரியும்?

கோர்ட்_குமாஸ்தா | புதன், மதியம் 2:30

அம்மாவிடம் ஒரு ரூபாய்கூட இப்போது கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் தம்பி மேல் உள்ள பிரிவுகள் கோர்ட் அனுமதியோடு சமரசம் ஆகக் கூடியவைதான். இரண்டு தரப்பும் ஒத்துப்போனால் ஹைகோர்ட்டில் ரத்து கேட்கும் வழியும் உண்டு. ஆனால் வக்கீல் இல்லாமல் போய்ப் பணத்தை நீட்டி, "தவறுதலாக நடந்துவிட்டது" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் முதலாளி கையில் சாட்சியாகிவிடும். கட்டுவதா, எப்போது, எந்த வார்த்தையில் என்பதை வக்கீலிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

அரை மணி நேரத்தில் தெரியுமா என்றால், பாதி தெரியும். யார் அதிகம் பேசுகிறார் என்று கவனியுங்கள். நல்ல கிரிமினல் வக்கீல் முதல் நாள் கேள்விதான் கேட்பார். தம்பிக்கு அப்பாயிண்ட்மெண்ட் லெட்டர் உண்டா? செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு? கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் பாஸ்வேர்டு எத்தனை பேரிடம்? வேலையை விட்டபோது கணக்கை ஒப்படைத்ததற்கு மெயில் இருக்கிறதா? சம்பள பாக்கி கேட்டுத் தகராறு நடந்ததா? இப்படித் தோண்டுவார். 316(4) குமாஸ்தா, வேலைக்காரர் செய்த நம்பிக்கை மோசடிக்கானது. பணமோ பொருளோ அவன் பொறுப்பில் இருந்தது என்பதே அதன் அஸ்திவாரம். அங்கே கேள்வி கேட்காதவர் கேஸைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

"கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று காகிதத்தைத் தொடாமல் சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கேஸில் எது உங்களுக்கு எதிராக இருக்கிறது என்று முதல் நாளே ஒருவர் சொன்னால், கேட்கக் கசப்பாக இருக்கும். அவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவைப் பற்றிக் கேட்டீர்கள். பத்திர வக்கீலிடம் ரிமாண்ட் வேலையைக் கொடுப்பது கண் டாக்டரிடம் பிரசவத்துக்குப் போவது போல. அவருக்கும் அது தெரியும், உறவு என்பதால் சொல்ல மாட்டார்.

ஆண்டாப்ஹில்_செல்வி | புதன், இரவு 9:50

நான் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருப்பவள். இன்றைக்கு எழுதத் தோன்றியது.

2022-இல் என் வீட்டுக்காரர் ஒரு திருட்டு கேஸில் ஆர்தர் ரோடு ஜெயிலில் இருந்தார். நாங்கள் வைத்த வக்கீல் 80,000 வாங்கினார். 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை. அப்படி என்றால் உரிமையாகவே ஜாமீன் கேட்கலாம், அப்போதைய பழைய நடைமுறைச் சட்டத்தில் 167(2), இப்போது பி.என்.எஸ்.எஸ்.-இல் 187(3). எனக்கு அது தெரியாது. தெரிய வேண்டியவர் அந்த வாரம் ஊரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். 64-ஆம் நாள் போலீஸ் குற்றப்பத்திரிகையைப் போட்டுவிட்டது. நாம் மனுப் போடாமல் விட்டால் அந்த உரிமை அதோடு போயிற்று. நாலு நாள். அதற்காக அவர் இன்னும் ஐந்து மாதம் உள்ளே இருந்தார்.

கடைசியில் வெளியே எடுத்தது இலவச சட்ட உதவி வக்கீல். சின்னப் பெண், கைப்பை கிழிந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு தேதியும் வந்தாள். இலவசம் என்றால் மட்டமாக இருக்கும் என்று நினைத்து ஆரம்பத்தில் கேட்காமல் விட்டது எங்கள் புத்தி. காவலில் இருக்கிறவர், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தருவார்கள். 15100-க்கு அடித்தால் வழி சொல்வார்கள். உங்கள் தம்பி வெளியே இருப்பதால் வருமான வரம்பு பார்ப்பார்கள்.

எல்லா இலவச வக்கீலும் அவளைப் போல என்று சொல்லவில்லை. பக்கத்து செல்காரருக்கு வந்தவர் பெயரையே மாற்றிச் சொன்னாராம்.

ஒருவேளை தம்பி உள்ளே போக நேர்ந்தால், வக்கீலிடம் 60-ஆவது நாள் என்ன தேதி என்று கேட்டு காலண்டரில் வட்டம் போடுங்கள். அப்புறம் ஜாமீன் கிடைத்த பிறகு, "ஜாமீன்தார் என்னிடம் ஆள் இருக்கிறது, 15,000 கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். அந்த ஆள் காட்டுவது கள்ள ரேஷன் கார்டு என்று தெரிந்தால் ஜாமீனும் போகும், புதுக் கேஸும் வரும். சில நாள் அவகாசத்துக்குக் கோர்ட்டில் பணத்தைக் கட்டி வெளியே எடுத்துவிட்டு, பிறகு சொந்தக்காரரை ஜாமீன்தாராக நிறுத்தலாம். கோர்ட்டில் கேட்டால் அனுமதிப்பதுண்டு, எங்களுக்கு அனுமதித்தார்கள்.

மாட்டுங்கா_மாமி | வியாழன், காலை 5:50

செல்வி, அந்த நாலு நாள் கணக்கைப் படித்து ராத்திரி தூக்கமே வரவில்லை.

டோம்பிவிலிக்காரன் | வியாழன், காலை 9:20

ஒரு சின்ன விஷயம். வக்கீல் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், பயப்பட வேண்டாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2000-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று கனவு காணாதீர்கள். 2024 மே மாதம் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ஒழுங்கீனம் என்றால் பார் கவுன்சிலில்தான் புகார் கொடுக்க வேண்டும், அது ஆமை வேகம். ஆகவே முதலிலேயே பார்த்து எடுப்பது லாபம்.

சயான்கோலிவாடா_அக்கா | வெள்ளி, இரவு 8:45

போய் வந்துவிட்டான். 11 மணிக்கு உள்ளே, நாலரைக்கு வெளியே. நான் எதிர் டீக்கடையில் ஏழு டீ குடித்தேன்.

வக்கீலைச் சொல்கிறேன். புதன் சாயங்காலமே இ-கோர்ட்ஸில் நாலு பேரைத் தேடினேன். கோரேகாவில் ஒரு பெண் வக்கீல், மராத்திக்காரர், திண்டோஷி உத்தரவுகளில் அவர் பெயரே வரிசையாக இருந்தது. அவர் ஜூனியர் முலுண்ட் தமிழ்ப் பெண்! தாராவிக்காரர் சொன்னது அப்படியே அமைந்தது.

எஃப்.ஐ.ஆரை எங்கள் முன்னாலேயே ஏழு பக்கமும் படித்தார். பிறகு என்னையும் என் கணவரையும் வெளியே போகச் சொன்னார். எனக்குக் கோபம், காசு கொடுப்பது நான்தானே என்று. கட்சிக்காரன் வக்கீலிடம் சொல்வதைச் சட்டம் காப்பாற்றுகிறது, நீங்கள் உட்கார்ந்திருந்தால் நாளைக்கு உங்களையே சாட்சிக்குக் கூப்பிடலாம், அதோடு அக்கா முன்னால் தம்பி முழுசாகப் பேச மாட்டான் என்றார். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, இரண்டு வவுச்சரில் இவன் கையெழுத்து இருக்கிறது, அதுதான் தலைவலி என்று நேராகச் சொன்னார். முன்ஜாமீன் கிடைக்குமா என்று கேட்டேன். மனுவைத் தயாராக வைப்போம், இப்போதே போட்டால் நோட்டீஸ்தானே வந்திருக்கிறது, கைது பயம் எங்கே என்று கோர்ட் திருப்பிக் கேட்கலாம், முதலில் போய் வரட்டும் என்றார். நேரில் முறையாக நோட்டீஸ் தரவில்லை என்பதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, அதைக் கொடுத்தபடியே ஆஜராக வைத்தார். ஜூனியர் பெண் நாள் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில். விசாரணை முழுக்கக் கூட உட்கார விட மாட்டார்கள். கைதானவரையே இடையிடையே வக்கீல் பார்க்கலாம் என்கிற பி.என்.எஸ்.எஸ். 38-ஆம் பிரிவைக் காட்டி மூன்று தடவை உள்ளே போய் வந்தாள்.

ஃபீஸை மூன்று கட்டமாக எழுதிக் கொடுத்தார். வளையல் திரும்ப அம்மா கையில். மாமாதான் போன் எடுக்கவில்லை.

அடுத்த விசாரணை 19-ஆம் தேதி.

கோர்ட்_குமாஸ்தா | வெள்ளி, இரவு 9:10

நல்லது. மாமா பொங்கலுக்குள் சரியாகிவிடுவார். தம்பியின் பழைய போன், மெயில், கம்பெனி வாட்ஸ்அப் குரூப், எதையும் தொடாமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அவனுக்குச் சாதகமானதும் அதில்தான் இருக்கும்.

சயான்கோலிவாடா_அக்கா | வெள்ளி, இரவு 9:32

அவனிடம் இப்போதுதான் கேட்டேன். நோட்டீஸ் வந்த அன்றைக்கே பயந்துபோய்

கோர்ட்_குமாஸ்தா | வெள்ளி, இரவு 9:33

நிறுத்துங்கள் அக்கா. இதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம். இது எல்லோரும் படிக்கிற இடம். அதை வக்கீலிடம் சொல்லுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்.

சயான்கோலிவாடா_அக்கா | வெள்ளி, இரவு 9:51

ஜூனியர் பெண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.